உறுமலை அடக்காதீர்கள்: வளர்ப்பு நாய்கள் பற்றிய வாசகர் கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து நாய் வளர்ப்பு குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை இன நாய்க்கு எட்டு மாதம் ஆகிறது. வாசல் திண்ணை வரை துள்ளிக்கொண்டு வருகிறது. முற்றம் உள்ள உள்கட்டான வளவுக்குள் கால் வைக்க மட்டும் மறுக்கிறது. குட்டியாக இருந்தபோது வீடெங்கும் ஓடிய நாய்தான். போன மாதம் கல்யாணத்துக்காகத் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து மெருகேற்றினோம்; அதற்குப் பிறகுதான் இந்தப் பிடிவாதம். எங்கள் ஐயா கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இப்போது ஐயாவைக் கண்டாலே தெருவுக்கு ஓடிவிடுகிறது. இதை எப்படித் திருத்துவது? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் பக்கத்து வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்க்கிறார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்துவிடுகிறது. அதன் மீது எண்ணெயும் ஏறினால், ஒல்லியான உடலும் நீண்ட காலும் கொண்ட சிப்பிப்பாறைக்குப் பிடிமானமே கிடைக்காது. நாயின் கால் தரையைப் பிடிப்பது பாதத்தின் மெத்தைப் பகுதியாலும் நகத்தாலும். மண்ணில் ஊன்றும் நகம் இந்தக் கல்லில் ஊன்றாது. நகம் நீண்டிருந்தால் மெத்தைப் பகுதியும் தரையில் முழுமையாகப் படியாது. ஓடி வந்த வேகத்தில் ஒரே ஒரு முறை நான்கு காலும் நான்கு பக்கம் விரிந்து விழுந்திருந்தாலும், அந்த இடத்தைத் தவிர்க்க நாய்க்கு அது போதும்.

வளவின் விளிம்பில் அது நிற்கும்போது சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். உடலின் பாரத்தைப் பின்னங்கால்களுக்குத் தள்ளி நிற்கும். காதுகள் பின்னோக்கி ஒட்டியிருக்கும். கால் விரல்கள் அகல விரிந்திருக்கும். எதிரில் தின்பதற்கு ஒன்றும் இல்லாதபோதே நாக்கால் மூக்கை நக்கிக்கொள்ளும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். இவையெல்லாம் அச்சத்தின் அறிகுறிகள். இதைப் பிடிவாதம் என்று படித்ததால்தான் இழுக்கத் தோன்றியிருக்கிறது. இழுத்ததால் வழுக்கும் தரையோடு ஐயாவின் கையும் அச்சப்பட வேண்டிய பொருளாகிவிட்டது.

முதலில் எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். எலுமிச்சையும் வினிகரும் ஆசிட்டும் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது என்பதால் புளிப்புப் பொருள் அதன் மேற்பரப்பை அரித்துவிடும். மென்மையான சோப்புத் தண்ணீரே போதும். அடுத்து, அடியில் ரப்பர் உள்ள கால்மிதிகளை நாய் போக வேண்டிய வழியில் ஒன்றையொன்று தொடும்படி விரியுங்கள். கோரைப்பாய் தானே வழுக்கி நகரும் என்பதால் அது உதவாது. ஒவ்வொரு மிதியிலும் உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். கூப்பிடவும் வேண்டாம், உற்றுப் பார்க்கவும் வேண்டாம். முதல் மிதியோடு திரும்பிவிட்டாலும் அந்த நாளுக்கு அது போதும். நாய் தயக்கமின்றி நடக்கத் தொடங்கிய பிறகு, மிதிகளுக்கு இடையே கையகல இடைவெளி விட்டு, பல நாட்களில் மெல்ல மெல்ல அதைக் கூட்டலாம். சிலவற்றை நிரந்தரமாகவே விட்டுவைத்தாலும் குறையொன்றும் இல்லை. பொதுவாக வயதான நாய் உள்ள வீடுகளில் அப்படி விட்டுவைப்பதே நல்லது.

ஐயா செய்ய வேண்டியது தனி. நாய் நிற்கும் இடத்துக்குப் பல அடி தள்ளி, அதற்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, ஒரு துண்டை அதன் பக்கம் உருட்டிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். நாயாக நெருங்கி வரும் வரை அவர் கை நீட்டக் கூடாது. நெருங்கி வந்த பிறகும் முதலில் தொடுவது கழுத்துப்பட்டையாக இருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு கடினம் என்பதை அறிவேன். ஆனால் இழந்த நம்பிக்கை வேறு வழியில் திரும்புவதில்லை. மிதி விரித்த பிறகும் நாய் நடக்கத் தயங்கினால், இடுப்பு மூட்டையும் பாதங்களையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ‘நாய் நம்மை விடத் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடக் கூடாது. நாம் சாப்பிட்ட பிறகுதான் அதற்குச் சோறு வைக்க வேண்டும். சொன்னபடி கேட்கவில்லையென்றால் மல்லாக்கப் போட்டு அழுத்திப் பிடிக்க வேண்டும்’ என்கிறார் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். அவர் நாய்களோடு நீண்ட காலம் பழகியவர். அவர் சொல்வது சரியா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: அவர் தாமாகக் கற்பனை செய்து சொல்லவில்லை. உலகெங்கும் பல பத்தாண்டுகள் பயிற்சியாளர்களே இப்படித்தான் சொல்லிவந்தார்கள். ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதிய கட்டுரையில், அவை ஒன்றையொன்று அடக்கித் தலைமைக்குப் போட்டியிடுவதாக விவரித்தார். அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட நூல் அந்தக் கருத்தை இன்னும் பரப்பியது. ஓநாய்க்கு உண்மையென்றால் நாய்க்கும் உண்மையாகத்தான் இருக்கும் என்று பயிற்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அதே டேவிட் மெக் காட்டில் சுதந்திரமாக வாழும் ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பார்த்த பிறகு, தம் பழைய கருத்தை 1999இல் வெளிப்படையாகத் திருத்தினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தந்தை, அவற்றின் பிள்ளைகள் அடங்கிய குடும்பமே. பெற்றோர் வழிநடத்துகின்றன, பிள்ளைகள் பின்பற்றுகின்றன. ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத விலங்குகளை ஒரே வேலிக்குள் அடைத்ததால்தான் முன்பு கண்ட சண்டைகள் மூண்டன. தம் பழைய நூலை மேலும் அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் அவரே பலமுறை கேட்டுக்கொண்டார். தம் பெயரால் பரவிய தவறைத் தாமே திருத்த முன்வந்த அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். மேலும், பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து மாறிவிட்ட நாய்க்கு ஓநாயின் வாழ்க்கையை அளவுகோலாக வைப்பதே பொருந்தாது.

நாய்க்கு யார் முதலில் சாப்பிடுகிறார்கள் என்பது பதவிப் பிரச்சினை அன்று. அதற்கு வேண்டியது நேரத்துக்குச் சோறு. மல்லாக்க அழுத்திப் பிடிப்பதோ உண்மையான ஆபத்து. அந்த நிலையில் நாய் அசையாமல் கிடப்பதைப் பணிவு என்று எண்ணுகிறோம். அது அச்சத்தில் உறைந்து கிடக்கிறது. தப்ப வழியில்லை என்று கண்ட நாய்களில் சில, அடுத்த முறை தங்கள் முகத்துக்கு மிக அருகில் குனிந்திருக்கும் மனித முகத்தையே கடிக்கின்றன. விலங்குகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்களுக்கும், கடிக்கும் பழக்கம் உள்ளவை உட்பட, வெகுமதி தரும் முறைகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கூறியிருக்கிறது.

உங்கள் அண்ணனின் அனுபவத்தை வீணாக்க வேண்டாம். நாய் எப்போது அமைதியாகப் படுத்திருக்கிறது, எப்போது அழைத்தவுடன் வருகிறது என்பதை அவரைப் போல் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த நேரங்களில் உடனே, அதாவது ஓரிரு நொடிகளுக்குள், ஒரு துண்டு தின்பண்டம் தரச் சொல்லுங்கள். தாமதமாகத் தந்தால் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்கு விளங்காது. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரு செயலுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். அவர் ‘வா’ என்றும் நீங்கள் ‘இங்கே’ என்றும் பிள்ளைகள் ‘கம்’ என்றும் அழைத்தால் நாய் குழம்பும்.

கேள்வி: எங்கள் கோம்பை நாய் சோறு தின்னும்போது யார் அருகில் போனாலும் உறுமும். உறுமும்போதெல்லாம் அதட்டித் தட்டைப் பிடுங்கி வைத்தோம். சில வாரங்களில் உறுமல் நின்றுவிட்டது. திருந்திவிட்டது என்று மகிழ்ந்தோம். சென்ற வாரம் உறுமாமலேயே என் மருமகளின் கையைக் கடித்துவிட்டது. வீட்டில் நான்கு வயதுப் பேரன் இருக்கிறான். நாயைக் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று நினைக்கிறேன். (ஓர் அப்பத்தா, காரைக்குடி)

பதில்: முதலில் மருமகளின் கை. பல் பட்டுத் தோல் கிழிந்திருந்தால், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் விட்டுவிடக் கூடாது. காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலில் போடும் முறையில் வெறிநோய்த் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படுகிறது. இரத்தம் வந்த காயமென்றால் அதனுடன் காயத்தைச் சுற்றி எதிர்ப்பு மருந்தையும் செலுத்துவார்கள். இன்னும் போகவில்லையென்றால் இதைப் படித்த கையோடு அவரை அழைத்துச் செல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம்.

இனி நாய். உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. ‘எனக்கு அச்சமாக இருக்கிறது, சற்று விலகி நில்லுங்கள்’ என்று சொல்ல அதற்கு உள்ள வழிகளில் கடைசியாக வருவதில் ஒன்று அது. அதற்கு முன்பே பல சொல்லியிருக்கும்: யாராவது நெருங்கும்போது தின்பதை நிறுத்தி அசையாமல் நிற்கும்; அல்லது வழக்கத்தை விட வேகமாக விழுங்கும்; தலையைத் தட்டின் மேல் கவிழ்த்தபடி கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும்; உதடு இறுகும். இவற்றை வீட்டில் யாரும் கவனிக்காததால் உறுமியது. உறுமியதற்குத் தண்டனை கிடைத்தது. அது மட்டுமா, எதற்கு அஞ்சியதோ அதுவே நடந்தது, சோற்றுத் தட்டு பறிபோனது. ஆகவே அச்சம் கூடிற்று, எச்சரிக்கை மட்டும் நின்றது. கடி சொல்லாமல் வந்ததாக உங்களுக்குத் தோன்றுகிறது; நாயைப் பொறுத்தவரை சொல்லிப் பார்த்துப் பயன் கிடைக்காமல் கடித்திருக்கிறது. இதை உங்களைக் குறை கூற எழுதவில்லை. பல தலைமுறையாக எல்லா வீடுகளிலும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இன்று முதல் நாய்க்குப் பின்கட்டில் தனி இடத்தில் சோறு வையுங்கள், கதவைத் தாழிடுங்கள், தின்று முடித்து அது வெளியே வந்த பிறகே தட்டை எடுங்கள். பேரன் எக்காரணம் கொண்டும் அந்த நேரத்தில் அங்கே போகக் கூடாது. பெரியவர் ஒருவர் உடனிருந்து பார்க்க முடியாத வேளைகளில் நாயும் பிள்ளையும் ஒரே இடத்தில் இருக்கவும் கூடாது. ‘எங்கள் நாய் பிள்ளையை ஒன்றும் செய்யாது’ என்ற வாக்கியத்தை நான் ஏற்பதில்லை. நான்கு வயதுப் பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. வாயில் புண், பல்வலி, வயிற்று நோவு போன்றவையும் இந்தக் குணத்தைக் கூட்டும் என்பதால் மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பயிற்சியின் கருத்து எளிது: மனிதர் நெருங்கினால் தட்டு காலியாகும் என்று கற்ற நாய், மனிதர் நெருங்கினால் தட்டில் இன்னும் நல்லது விழும் என்று கற்க வேண்டும். நாய் எந்தத் தூரத்தில் உங்களைப் பார்த்தும் தளர்வாகத் தின்றுகொண்டிருக்கிறதோ, அந்தத் தூரத்தில் நடந்துபோகும்போதே ஒரு கோழித் துண்டை அதன் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் போய்விட வேண்டும். சில நாட்களில் காலடி ஓசை கேட்டதும் நாய் உடல் இறுகாமல், வாலை லேசாக அசைத்தபடி, எதிர்பார்ப்போடு தலையைத் தூக்கும். அது தெரிந்த பிறகே ஓர் அடி நெருங்கலாம். உடல் மீண்டும் இறுகினால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். பழைய தூரத்துக்குத் திரும்புங்கள். ஒரு முறை கடித்துவிட்ட நாய் என்பதால் இந்தப் பயிற்சியை நீங்களே தனியாகத் தொடங்காமல், நாய் நடத்தையை அறிந்த மருத்துவரின் நேரடி மேற்பார்வையில் பெரியவர் ஒருவர் மட்டுமே செய்ய வேண்டும்.

நாயை எங்காவது கொண்டுபோய் விடுவது தீர்வாகாது. சட்டம் அதைக் குற்றம் என்கிறது. அதோடு, அங்கே அந்தத் தெருவின் பிள்ளைகள் இருப்பார்கள்.

கேள்வி: தீபாவளிக்கும் கல்யாண வெடிக்கும் எங்கள் நாய் நடுங்குகிறது. தடவிக்கொடுத்தால் பயம் பழக்கமாகிவிடும் என்கிறார்களே? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: தாராளமாகத் தடவிக்கொடுங்கள். அச்சம் என்பது உணர்வு; ஆறுதல் கொடுப்பதால் அது கூடுவதில்லை. தடித்த சுவர் உள்ள உங்கள் உள்கட்டு அறையைப் போல் நல்ல இடம் அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்காது. வெடி தொடங்குவதற்கு முன்பே அங்கே படுக்கையும் தண்ணீரும் வைத்து, மின்விசிறியையும் பாட்டையும் போட்டு விடுங்கள். கதவுகளைச் சரிபார்த்து, கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணைக் கட்டுங்கள். நாய்கள் மிரண்டு ஓடித் தொலைவது இந்த நாட்களில்தான். அச்சம் மிகக் கடுமையாக இருந்தால் பண்டிகைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், அதற்கான மருந்துகள் உண்டு. மனிதர்களின் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டாம்.

கேள்வி: செருப்பைக் கடித்துக் குதறிவிட்டு, நான் வந்ததும் காதைத் தொங்கவிட்டுத் தரையைப் பார்க்கிறது. தப்பு என்று தெரிந்தும் ஏன் செய்கிறது? (வாசகர், புதுவயல்)

பதில்: அந்த முகத்தை வைத்து, தப்பு என்று அதற்குத் தெரியும் எனச் சொல்ல முடியாது என்பதே ஆய்வு தரும் விடை. அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தின்னக் கூடாது என்று சொல்லப்பட்ட பண்டத்தை உண்மையில் நாய் தின்றதா இல்லையா என்பதை உரிமையாளரிடம் மாற்றிச் சொல்லிப் பார்த்தார். அந்தக் ‘குற்ற முகம்’ நாய் தப்புச் செய்ததைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டியதைப் பொறுத்தே வந்தது. தவறே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் மிகுதியாகவே காணப்பட்டது. உங்கள் நாய் உங்கள் முகத்தையும் குரலையும் படித்து, ‘சினம் வேண்டாம்’ என்று உடலால் கேட்கிறது. எப்போதோ கடித்த செருப்பை இப்போது காட்டி அடித்தால், நீங்கள் வீட்டுக்கு வருவதற்கே அது அஞ்சத் தொடங்கும். செருப்பை உயரத்தில் வையுங்கள். கடிப்பதற்கென்று கெட்டியான ரப்பர்ப் பொம்மை ஒன்று கொடுங்கள். பகலில் அது எவ்வளவு நேரம் தனியாக இருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: வெகுமதியாக வீட்டுக் கோழி வறுவலைக் கொடுக்கலாமா? (வாசகி, கோட்டையூர்)

பதில்: கூடாது. நம் வறுவலில் சின்ன வெங்காயமும் பூண்டும் சேராமல் இருப்பதில்லை. இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவையும் நஞ்சே. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றை மொச்சை அளவுக்கு நறுக்கிக் கொடுங்கள். அந்த அளவை அன்றைய சோற்றில் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம்; ஊர் வீட்டுக்குப் படைப்புக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருவோம். காவலுக்கு ஒரு நாயைப் பின்வாசல் தூணில் கட்டியிருக்கிறோம். இரவெல்லாம் குரைக்கிறது, எங்களையே கடிக்க வருகிறது. என்ன பயிற்சி கொடுக்கலாம்? (வாசகர், கண்டனூரைச் சேர்ந்தவர்)

பதில்: பயிற்சிக்கு முன் அந்தச் சங்கிலி அவிழ வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்கும் உங்களை அது எதற்காகச் சொந்தமாகக் கருத வேண்டும்? இரண்டு முழச் சங்கிலியில் நாள் முழுதும் நிற்கும் நாய்க்கு விலகிப் போக வழி கிடையாது. வருகிறவர்களைக் குரைத்தும் பாய்ந்தும் விலக்குவது ஒன்றே அதற்கு மிச்சம். அதைக் காவல் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், நியாயமற்ற அளவு குறுகிய அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், வழக்கமாகக் கட்டி வைக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் விடுவதையும் கொடுமை என்றே வகுத்திருக்கிறது.

உங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிறது. அவ்வளவு இடம் உள்ள வீட்டில் ஒரு நாய் தூணைச் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பின்கட்டு முற்றத்துக்குக் கம்பிக் கதவு போட்டு அதற்குள் அவிழ்த்து விடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் காலையிலும் மாலையிலும் நடத்திச் செல்லட்டும். மோப்பம் பிடித்தபடி மெதுவாக நடப்பதே நாய்க்குப் பெரிய நிறைவு. சித்திரை, வைகாசியில் நடத்தும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கை தாங்காத சூட்டை அதன் பாதமும் தாங்காது. இந்த வேலைக்கு அவருக்குத் தனியாக ஊதியம் கொடுங்கள். இவை எதுவும் இயலாதென்றால், அந்த வீட்டுக்கு நாய் வேண்டாம். நல்ல பூட்டும் கேமராவும் போதும்.

கேள்வி: தெரிந்தவர் முப்பது நாள் ராஜபாளையம் குட்டி தருவதாகச் சொல்கிறார். இப்போதே எடுத்து வந்தால் நன்றாகப் பழகும் என்கிறார். எடுக்கலாமா? (வாசகர், செக்காலை, காரைக்குடி)

பதில்: எட்டு வாரம் ஆகட்டும் என்று சொல்லிவிடுங்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் உடன்பிறந்த குட்டி விளையாட்டை நிறுத்திவிடும் என்பதைத் தாயிடமும் மற்றக் குட்டிகளிடமும் அது கற்றுக்கொள்வது இந்த வாரங்களில்தான். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் கூறுகின்றன. வெள்ளை நிற ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு என்பதால், எடுப்பதற்கு முன், குட்டி பார்க்காதபோது அதன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். காது கேளாத குட்டியையும் கைச்சைகையால் அழகாகப் பழக்க முடியும். முன்பே தெரிந்திருந்தால், கூப்பிட்டும் வரவில்லை என்று அது அடி வாங்காது.

மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை குட்டி அச்சமின்றிப் பார்த்ததெல்லாம் பிற்காலத்தில் அதற்கு இயல்பானதாகிவிடும். தடுப்பூசிகள் முடியும் வரை தெருவில் இறக்கிவிட முடியாது. ஆனால் மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காரலாம். தலைக்கவசம் போட்டவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றிய ஆச்சி, பால்காரரின் வண்டி, கோயில் மணி என ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டால் உள்ளே தூக்கிப் போய்விடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, அட்டையில் தேதி குறித்து வாங்கி வையுங்கள்.